பதினோராவது கேசட்

குவைத்தில் பட்ட கறை நாற்பது வருடம் கழித்துத் திருமுகத்துறையில் ஒரு கைப்பிடிச் சேற்றில் போயே போய்விட்டது. வசுமதிக்கு நம்ப முடியவில்லை. ஈரத் துணியை உதறி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மாட்டிக்கொள்ளும் நீலநிற பாய்லர் சூட் அது. அவள் கணவர் கலியமூர்த்தி கடைசியாகப் போட்டது. தொண்ணூறில் சண்டை வந்தபோது மாற்றுத்துணி எடுக்கக்கூட நேரமில்லாமல் அதோடுதான் ஊர் வந்து சேர்ந்தார். மார்பிலும் முழங்காலிலும் திட்டுத்திட்டாகக் கச்சா எண்ணெய். அவளும் வருடா வருடம் அதோடு மல்லுக்கட்டிப் பார்த்தாள். சவுக்காரம், மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழம், தெருக்கோடிப் புஷ்பா சொன்னாளென்று பற்பசைகூடப் போட்டாயிற்று. கறை அசையவில்லை.

"என்னங்க, இங்க வாங்களேன். உங்க குவைத்தைக் கழுவி ஊத்திட்டேன்."

கலியமூர்த்தி வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, எப்போதும் கையிலிருக்கும் கற்சிலேட்டில் எழுதினார்: 'கறையைத்தான் நான் சம்பாதிச்சேன். அதையும் தொலைச்சிட்டியா?'

"ஆமா, பெரிய சொத்து!" என்று சிரித்தபடியே அவள் துணியைக் கொடியில் போட்டாள்.

தொண்ணூற்றொன்பதில் தொண்டையில் புற்று வந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து கலியமூர்த்திக்குக் குரல் கிடையாது. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒரே நாளில், 'கொசு பேசற மாதிரி இருக்கு' என்று எழுதிக் காட்டிவிட்டு அதை அலமாரியில் வைத்தவர்தான். அதன் பிறகு முப்பது வருடமாகச் சிலேட்டும் பலப்பமும்தான்.

அந்தச் சேற்றைக் கம்பெனிச் சேறு என்பார்கள். மூன்று வருடங்களுக்கு முன் வங்கக்கரை பெட்ரோலியத்தின் நிலத்தடிக் குழாய் ஒன்று வெடித்தது. நாற்பது ஏக்கர் வயலும் பெரிய குளமும் கறுத்துப் போயின. கம்பெனி ஓடி ஒளியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் போட்டார்கள், பள்ளிக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் கட்டினார்கள். பிறகு, எண்ணெயைத் தின்று உயிர்வாழும் ஒரு நுண்ணுயிரைத் தங்கள் ஆய்வகத்தில் வளர்த்து வந்து வயலில் விட்டார்கள். சுற்றிலும் தகரவேலி, அதன்மேல் பசுமை மீட்சித் திட்டம் என்று பலகை. இரண்டே வருடத்தில் குளத்தில் கொக்கு இறங்கியது. மண்ணையும் தண்ணீரையும் மதிக்கிற கம்பெனியில்தான் பணம் போடுவோம் என்கிற வெளிநாட்டு முதலீட்டாளர்கள் வேனில் வந்து கரையில் நின்று படமெடுத்துக்கொண்டு போனார்கள். இங்கே சரிப்பட்டால் இன்னும் தொண்ணூறு இடங்களில் இதே திட்டம் வருமாம்.

ஊர்ப் பெண்கள் கண்டுபிடித்தது வேறு. புஷ்பாவின் புருஷன் பைக் மெக்கானிக். ஒருநாள் வேலியோரச் சேற்றில் தற்செயலாகக் கையை வைத்தான். சோப்புக்கு அசையாத கிரீஸ் கால் மணி நேரத்தில் போய்விட்டது. அவ்வளவுதான். தகரம் நெளிந்த இடத்தில் கையை விட்டு ஆளுக்கொரு இரும்பு வாளி மண் எடுத்து வந்தார்கள். அடுப்புப் பிசுக்கு, சமையலறை மின்விசிறி, ஜன்னல் கம்பி எல்லாம் பளபளவென்று ஆயின. வேலிக்குள் கை விடக்கூடாது என்று பலகையில் சிவப்பில் எழுதித்தான் இருந்தது. ஊரில் அதை யாரும் படிக்கவில்லை. படித்தவர்களும் படித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

வசுமதி பாய்லர் சூட்டை மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தாள். தையலோரம் லேசாக ஈரம் இருந்தது. பரவாயில்லை என்று மூடிவிட்டாள். அதே பெட்டியில்தான் கேசட்டுகளும் இருந்தன.

கல்யாணமான மூன்றாம் மாதமே அவர் குவைத்துக்குப் போய்விட்டார். கடிதம் எழுதினால் நாலு வரிக்கு மேல் வராத மனிதர். அதனால் கேசட். அவர் ஒரு பக்கம் பேசி, ஊருக்கு வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். அவள் அதைக் கேட்டுவிட்டு மறுபக்கத்தில் தான் பேசி, திரும்பிப் போகிறவரிடம் கொடுப்பாள். கேட்டு முடித்ததும், பத்திரமாக இருக்கட்டுமென்று அவர் அதை அவளிடமே திருப்பி அனுப்பிவிடுவார். மூன்று வருடத்தில் பன்னிரண்டு கேசட்டுகள் இப்படிக் கடல் தாண்டிப் போய் வந்தன. செல்போன் வருவதற்கு முன்பே குரல் போய்விட்ட மனிதருக்கு அவைதான் குரல். நகல் எடுக்கலாமென்று ஒருமுறை நாகப்பட்டினத்தில் கொடுத்தாள். கடைக்காரரின் மிஷின் ஒன்றை மென்று துப்பிவிட்டது. மீதி பதினொன்றையும் அப்புறம் அவள் யார் கையிலும் கொடுத்ததில்லை. நாள் கிழமைகளிலும் ஐப்பசி முதல் மழையிலும் மட்டும் ஒன்றை எடுத்துப் போடுவாள். இருபத்தேழு வயதுக் கலியமூர்த்தி, "வசு, நல்லா இருக்கியா?" என்பார். எழுபது வயதுக் கலியமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து, வெட்கப்பட்டுக்கொண்டு, பலப்பத்தைச் சீவுவார்.

புரட்டாசிப் பாதியில், மழைக்கு முன்னால் எல்லாவற்றையும் வெயில் காட்டலாமென்று பெட்டியைத் திறந்தாள் வசுமதி.

டீயில் ஊறிய பிஸ்கட் மாதிரி கேசட்டுகள் சரிந்து கிடந்தன. ஒன்றை எடுத்தால் விரலோடு ஒட்டிக்கொண்டு இழுத்தது. உள்ளே நாடா இல்லை. பழுப்பாக ஏதோ கூழ். பத்தும் அப்படித்தான். மூலையில் மஞ்சள் பைக்குள் கிடந்த பதினோராவது மட்டும் உருக்குலையாமல் இருந்தது. ஆனால் அதன் ஓரத்திலும் பிசுபிசுப்பு.

அவள் கூப்பிட்ட குரலில் என்ன இருந்ததோ, கலியமூர்த்தி செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

*

விஷயம் தெரிந்து வந்த டாக்டர் ரூபா கம்பெனிக்காரி அல்ல. திட்டத்தைக் கண்காணிக்க அரசாங்கம் அனுப்பிய நுண்ணுயிர் ஆய்வாளர். முப்பத்தைந்து வயதிருக்கும். சேற்றுக் காலோடு தயங்காமல் வீட்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்துவிடுகிற பெண். கேசட்டைக் கையுறை போட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியின் அடியையும் தடவிப் பார்த்தாள்.

"அம்மா, மண்ணு எடுத்தீங்களா?"

"எடுத்தேன். ஊரே எடுத்துச்சு. தப்புதான்."

"எடுப்பீங்கன்னு யோசிக்காதது எங்க தப்பு." அவள் பெருமூச்சு விட்டாள். "வயல்ல இருக்கிறது எண்ணெயை மட்டும்தான் தின்னும். எண்ணெய் தீர்ந்தா பசியில செத்துடும். அப்படித்தான் கணக்கு. ஆனா ஈரத்தோட இந்தப் பெட்டியில வந்து மாட்டிக்கிச்சு. தின்ன எண்ணெய் இல்ல. பக்கத்துல என்ன இருக்கு? கேசட். பிளாஸ்டிக்கும் எண்ணெய்க்குப் பொறந்ததுதானே? ரெண்டு மாசத்துல தின்னக் கத்துக்கிச்சு."

"மத்த வீட்லயும் இப்படித்தானா?"

"அதுதான் தெரியல. கேட்டா யாரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க. சந்தேகப்பட்டு நான் எடுத்த சாம்பிள் எல்லாம் லேபுக்குப் போறதுக்குள்ள காஞ்சு செத்துடுது. செத்ததை வச்சு ஒண்ணும் நிரூபிக்க முடியாது. பழைய பொருள், தானா உதிர்ந்துதுன்னு சொல்லிடுவாங்க. இந்தப் பத்தும் அப்படித்தான். தீனி தீர்ந்து எல்லாம் செத்துக் கிடக்கு." பதினோராவதைக் காட்டினாள். "இதுல மட்டும் உயிரோட இருக்கு. ஐப்பசி மழை இறங்கினா வயல் தண்ணி, வீட்டுத் தண்ணி எல்லாம் ஒண்ணாயிடும். அப்புறம் கரண்ட் ஒயர், கேஸ் ட்யூப், குப்பத்து நைலான் வலை, ஆஸ்பத்திரி டிரிப்ஸ் குழாய், எதுன்னு தடுப்போம்? இப்பவே நிரூபிச்சா வயல்ல சுண்ணாம்பு கொட்டிக் கொன்னுடலாம். வீடு வீடாத் தேடவும் ஆர்டர் வாங்கிடலாம்."

"அதைக் கொஞ்சம் கேட்டுட்டுத் தரட்டுமா?" வசுமதியின் குரல் கெஞ்சியது. "ஒரே ஒரு தடவை."

"இந்த நிலைமைல மிஷின்ல போட்டா அறுந்துடும்மா. ஒரு நாள் முழுக்க இளஞ்சூட்டுல வச்சு நாடாவை இறுக்கணும். சூடு பட்டா உள்ள இருக்கிற உயிர் போயிடும். ஒண்ணு குரல், இல்லேன்னா சாட்சி. ரெண்டும் கிடைக்காது." ரூபா எழுந்தாள். "நாளைக்கு மத்தியானம் வண்டி போகுது. கட்டாயம் இல்லம்மா. உங்க பொருள்."

அன்று சாயங்காலமே கம்பெனியிலிருந்து ஜெயசீலன் வந்துவிட்டான். சமூகப் பொறுப்புத் துறை மேலாளர். ஊரில் எல்லார் பெயரும் தெரியும். கலியமூர்த்தி அந்தக் கம்பெனியிலேயே இருபது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால் அவரிடம் தனி மரியாதை.

"சார், கேள்விப்பட்டேன். மனசே ஆறல." அவன் பொய் சொல்லவில்லை, கண் கலங்கித்தான் இருந்தது. "சென்னையில எங்க லேப் இருக்கு. அந்தக் கேசட்டை அங்க குடுங்க. பக்குவமாச் சூடு பண்ணி, ஒரு சொல் விடாம எடுத்துடுவாங்க. அது மட்டுமில்ல. அரை மணி நேரக் குரல் போதும் சார், அதை வச்சு உங்களுக்குப் பேசற கருவியே செஞ்சுடலாம். நீங்க உதட்டை அசைச்சா உங்க சொந்தக் குரல்லயே பேசும். அந்த வயசுக் குரல்."

வசுமதி அவன் எதிரில் வந்து நின்றாள். "நிஜமாவா தம்பி?"

"நிஜமாம்மா. நம்ம திட்டத்துலயே செஞ்சு குடுக்கறோம்."

கலியமூர்த்தி எழுதிக் காட்டினார்: 'டாக்டரம்மாவுக்குச் சாட்சி?'

ஜெயசீலன் கொஞ்சம் தடுமாறினான். "ஒரு கேசட்டை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது சார். இப்ப இதைக் கிளப்பினா முதலீட்டுக்காரங்க கை கழுவிடுவாங்க. வயல் பாதியில நிக்கும், குளம் பழையபடி கறுக்கும். தொண்ணூறு ஊரு காத்துக்கிட்டிருக்கு. மழை முடியட்டும், நாங்களே உள்ளுக்குள்ள பார்த்துக்கறோம்."

'யோசிக்கணும்' என்று எழுதினார் கலியமூர்த்தி.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள் வசுமதி.

*

மறுநாள் காலை காப்பித்தூள் வாங்கும் சாக்கில் புஷ்பா வீட்டுக்குப் போனாள். உண்மையில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சொல். நம்ம வீட்ல ஒண்ணும் ஆகலக்கா என்று புஷ்பா சொல்லிவிட்டால் போதும். மனசாட்சியை அதில் கட்டி வைத்துவிட்டுக் கேசட்டைச் சென்னைக்கு அனுப்பிவிடலாம்.

அடுப்படியில் புஷ்பாவின் மருமகள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு. சிலிண்டரில் புத்தம்புது ஆரஞ்சு ட்யூப்.

"புதுசா போட்டியா?"

புஷ்பா வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பழசு வெல்லப்பாகாட்டம் ஆயிடுச்சுக்கா. கை வச்சா இழுத்துக்கிட்டு வருது. நல்லவேளை இவ நாத்தம் புடிச்சுக் கத்தினா. அன்னிக்கே ட்யூபைக் கொளுத்திட்டேன்."

"ஏண்டி, யார்கிட்டயாவது சொல்லக் கூடாது?"

"சொல்லி? மண்ணை எவ எடுத்தான்னு கேப்பாங்க. என் வீட்டுக்காரர்தானே ஆரம்பிச்சு வச்சாரு? கேஸு போடுவாங்க. கம்பெனித் தண்ணி நின்னு போச்சுன்னா தெருவே என்னைத்தான் காறித் துப்பும். நீயும் எதுவும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத, ஆமா."

"அத்தை, பெரியம்மாவுக்கு ஒரு தோசை தரட்டுமா?" என்றாள் மருமகள், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அடுப்பைக் குறைத்தபடி.

வசுமதி தோசை சாப்பிட்டாள். என்ன சட்னி என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். திரும்பக் கிடைக்கிற குரலை வேண்டாமென்று சொல்லுங்கள் என எந்தப் பெண்டாட்டி கேட்பாள்?

உள்ளே நுழைந்தால் மேஜைமேல் அவருடைய பழைய எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மூடி இறுக்கி, மேலே ஈரத்துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் மஞ்சள் பை வெறுமையாகக் கிடந்தது. சிலேட்டில், 'டாக்டரம்மா எத்தனை மணிக்கு வராங்க?'

அதே முடிவோடுதான் வந்தவள் அவள். இருந்தாலும் பற்றிக்கொண்டு வந்தது.

"யாரைக் கேட்டு எடுத்து வச்சீங்க?"

அவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். என் குரல்தானே என்று அர்த்தம்.

"உங்க குரலா? பேசினதோட உங்க வேலை முடிஞ்சு போச்சு. நாப்பது வருஷமா அதைக் கேட்டவ நான். அது எனக்குச் சொந்தம். எனக்கு வேணும். அந்தக் கருவி வேணும். 'வசு'ன்னு நீங்க கூப்பிட்டு நான் திரும்பிப் பாக்கணும்." சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. "புஷ்பா வீட்ல கேஸ் ட்யூப் உருகியிருக்கு. அந்தப் பொண்ணு ஏழு மாசம். அதனாலதான் குடுக்கச் சொல்றேன். உங்களுக்காக இல்ல."

கலியமூர்த்தி சிலேட்டை எடுத்தார். எழுதினார், துடைத்தார், மறுபடி எழுதினார்: 'அந்தக் கருவி இருபத்தேழு வயசுல பேசும். நான் எழுபதுல உக்காந்திருப்பேன். நீ எவனைத் திரும்பிப் பாப்பே?'

"வாயில்லாதப்பவே இந்த வாய்!" என்று அவள் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். அழுதுகொண்டேதான்.

மத்தியானம் ரூபா வந்தாள். டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வண்டியில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டு போனாள்.

*

சாட்சி எடுபட்டது. பத்து நாளில் வயல் முழுக்கச் சுண்ணாம்பு கொட்டினார்கள். வீடு வீடாகத் தேடியதில் ஏழு வீடுகளில் மாறிப்போன நுண்ணுயிர் உயிரோடு கிடைத்தது. முதலில் சோதிக்கச் சொல்லித் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்தவன் ஜெயசீலன். கார் எஞ்சினைத் துடைக்க அவனும் ஒரு வாளி மண் எடுத்துப் போயிருக்கிறான்! மாற்றலாகிப் போகும்போது வாசலில் நின்று, "சார், என் ஃப்ரிட்ஜ் கதவு ரப்பரே இளகிப் போயிருந்தது. நான் பார்க்க விரும்பல, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்து போனான்.

முதலீட்டாளர்கள் வேன் அப்புறம் வரவில்லை. தொண்ணூறு ஊர்த் திட்டம் நின்றது. பெரிய குளத்தின் மேற்குக் கரையோரம் மறுபடி எண்ணெய் மினுமினுப்புத் தெரிய ஆரம்பித்தது. தெருவில் பாதிப் பேர் வசுமதியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. புஷ்பா ஒரு வாரம் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு மருமகள் வளைகாப்புக்கு வெற்றிலை பாக்கோடு வந்து, "வந்துடு, இல்லேன்னா பாரு" என்று மிரட்டிவிட்டுப் போனாள்.

ஐப்பசி நாலாம் தேதி மதியம் மழை பிடித்துக்கொண்டது. வசுமதி ஜன்னலோரம் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் கலியமூர்த்தி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இந்த வேளையில் ஒரு கேசட் போடுவாள், வழக்கமாக. கை வெங்காயத்தில் இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"'மழை பேஞ்சா டேப்பை ஜன்னல்ல வை வசு. நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் கேட்டுக்கறேன்.'" அவருடைய இழுவை, அவருடைய கனைப்பு எல்லாமே அப்படியே வந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நாலாவது கேசட். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்களை இத்தனை வருஷம் பொறுத்துக்கிட்டேன், தெரியுமா?"

கலியமூர்த்தி பேப்பரைத் தாழ்த்தினார். கண்ணைச் சுருக்கினார். சிலேட்டை எடுத்தார்.

'நான் சொல்லல.'

"நல்லா இருக்கே கதை! நீங்க சொல்லாம?"

'நான் கேக்கவே இல்ல. நீயாத்தான் அனுப்பினே. என்ன பேசறதுன்னு தெரியல, மழையைக் கேளுங்கன்னு சொல்லிட்டு அரைப் பக்கம் மழைதான்.'

"கிடையவே கிடையாது. நீங்க கேட்டீங்க, நான் அனுப்பினேன்."

'இல்ல.'

"போட்டுப் பாத்தா தெரி..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். போட்டுப் பார்க்க எதுவும் இல்லை. ஓட்டுமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கலியமூர்த்தி சிலேட்டை வேட்டி நுனியால் துடைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி எழுதினார்: 'ரூம்ல எட்டுப் பேரும் விளக்கை அணைச்சிட்டுப் படுத்துக் கேட்டோம். ஒருத்தனும் பேசல.'

வசுமதியின் கையிலிருந்து வெங்காயம் உருண்டது. "எட்டுப் பேரா? எனக்கும் உங்களுக்கும் நடுவுல இருந்த கேசட்டை எட்டுப் பேருக்குப் போட்டீங்களா!"

அவர் மாட்டிக்கொண்ட முகத்தோடு தலையாட்டினார்.

"நான் பேசினதையும் போட்டீங்களா?"

பலமாக மறுத்துக் கையாட்டினார். மழை மட்டும். சத்தியம்.

அவள் முறைத்தாள். முறைத்துக்கொண்டே யோசித்தாள். இந்த எட்டுப் பேர் எந்தக் கேசட்டிலும் வந்ததில்லை. பாலைவனத்தில் தகரக் கொட்டகைக்குள் இருட்டில் படுத்துக்கொண்டு, அவள் வீட்டுக் கூரையில் பெய்த மழையைக் கேட்டவர்கள். அவள் அன்றைக்கு அடுக்களை ஜன்னலில் டேப்பை வைத்துவிட்டு, நனையுமோ என்று பயந்து முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எட்டுப் பேருக்காக நின்றோம் என்று தெரியாமல்.

வெங்காயத் தட்டை ஒதுக்கிவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"யார் யாரு அந்த எட்டுப் பேரு? எந்த ஊரு, எவன் அழுதான், எவன் தூங்கிப் போனான்? ஒண்ணு விடாம எழுதுங்க."

கலியமூர்த்தி புதுப் பலப்பம் ஒன்றை உடைத்து எடுத்துக்கொண்டு, சிலேட்டின் மேல் மூலையிலிருந்து, இடம் மிச்சம் வைக்கப் பொடி எழுத்தில், முதல் பெயரை எழுத ஆரம்பித்தார்.